கணிப்பொறிக் கோப்புகளின் திறப்பும் கணக்கும்

திறந்ததை மூட வேண்டும்; கொடுத்ததைக் குறித்து வைக்க வேண்டும். கணக்கெழுதுவோர் யாவரும் கைக்கொள்ளும் நெறிகள் இவை. மளிகைக் கடைப் பேரேடாயினும் சரி, நம் சங்க நூலகத்தின் பதிவேடாயினும் சரி, இந்நெறி வழுவிய இடத்தில் பூசல் எழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நம் வீட்டு மேசைமேல் வீற்றிருக்கும் கணிப்பொறியும் இந்நெறிக்கு விலக்கன்று. அது இந்நெறியைக் கற்றுக்கொண்ட வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கச் செயலாளர் கேட்டபோது, சோழர் ஆட்சியைப் பற்றியோ பல்லவர் சிற்பத்தைப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை என்னினும் நன்கறிந்த அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். அலுவலகக் கணிப்பொறியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவன் என்ற முறையில், நான் கண்ணாரக் கண்ட ஒரு துறையின் சிறு வரலாற்றை எழுதுவதே பொருத்தமெனத் துணிந்தேன். காலனியின் இளைஞர்கள் இதனைப் பொறுமையுடன் படிப்பார்களாயின் மகிழ்வேன். பெரியோர் பிழை பொறுப்பார்களாக.

1. கோப்பு என்பது யாது?

கணிப்பொறியின் வட்டில் எழுதப்படும் செய்தி ஒரே நீண்ட சுருளாக இருப்பதில்லை. வட்டு பல தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் பல சிறு கூறுகளாகவும் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கடிதத்தை எழுதிச் சேமித்தால், அதன் முதற்பகுதி ஓரிடத்திலும் அடுத்த பகுதி வேறோரிடத்திலும் அமையலாம். இச்சிதறலை ஒருமுகப்படுத்திப் பெயர் ஒன்றைச் சூட்டி, 'இது ஒரு கோப்பு' என்று நமக்குக் காட்டுவது இயக்க முறைமையின் கடமை. எந்தப் பெயருக்கு எந்தெந்த இடங்கள் உரியன என்னும் குறிப்பு வட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு அடைவு என்று பெயர்.

நிரல் ஒன்று கோப்பைப் பயன்படுத்த விழைந்தால் முதலில் அதனைத் திறக்க வேண்டும். திறத்தலாவது, அடைவில் பெயரைத் தேடி, உரிய இடங்களை அறிந்து, 'இவ்வளவு தூரம் படித்தாயிற்று, இவ்வளவு எழுதியாயிற்று' என்னும் கணக்கைத் தொடங்குதல். மூடுதலாவது, அக்கணக்கை முடித்து, மாறியவற்றை அடைவில் பதித்தல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கணக்கு எங்கே இருக்கிறது? யார் கையில் இருக்கிறது? இவ்வினாவுக்குத் தொடக்க காலத்தார் அளித்த விடையும், பின்னர் வந்தோர் அதனை மாற்றிய விதமுமே நம் வரலாறு.

2. பசிபிக் குரோவில் ஒரு தொடக்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கடலோரமாக மான்டரே என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கேரி கில்டால் என்பார் கணிப்பொறியியல் கற்பித்து வந்தார். இன்டெல் நிறுவனத்திற்கும் அவர் பகுதிநேர ஆலோசகராக இருந்தார். அந்நிறுவனத்தின் சிறு செயலிகளுக்கென 'பி.எல்.எம்.' என்னும் நிரல் மொழியை உருவாக்கிக் கொடுத்தவரும் அவரே.

அந்நாளில் சிறு கணிப்பொறியில் வேலை செய்வோர் துளையிட்ட காகித நாடாவையே நம்பியிருந்தனர். ஒரு நிரலை ஏற்றுவதற்கே நெடுநேரம் பிடிக்கும். ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் அறிமுகப்படுத்திய 8 அங்குல நெகிழ்வட்டு, அதாவது பிளாப்பி, இதற்கு நல்ல மாற்றாகும் என்று கில்டால் கண்டார். ஷூகர்ட் நிறுவனத்தின் வட்டு இயக்கி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்றை ஜான் டோரோட் என்னும் நண்பர் அமைத்துக் கொடுத்தார். 1974-இல், அருகிலுள்ள பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், இன்டெல் 8080 செயலியின்மீது கில்டாலின் 'சி.பி.எம்.' என்னும் இயக்க முறைமை இயங்கத் தொடங்கியது. இன்டெல் அதனை ஏற்று விற்க முன்வரவில்லை. ஆகவே அவரும் அவர் துணைவியாரும் 'டிஜிட்டல் ரிசர்ச்' என்னும் நிறுவனத்தைத் தாமே நிறுவினர். சில ஆண்டுகளுக்குள் எட்டு இரும எண் இயந்திரங்கள் பலவற்றில் இம்முறைமையே பரவி நின்றது.

அவ்வட்டின் அளவை இன்று கேட்போர் நகைக்கக் கூடும். 77 தடங்கள், தடத்திற்கு 26 கூறுகள், கூறு ஒன்றுக்கு 128 பைட். ஆக மொத்தம் 2,56,256 பைட். முதல் 2 தடங்கள் முறைமைக்கே ஒதுக்கப்பட்டன. எஞ்சியதை 1 கிலோபைட் தொகுதிகளாகப் பகுத்தால் 243 தொகுதிகள் கிடைக்கும். அவற்றுள் 2 அடைவுக்குப் போக, நமக்கு எஞ்சுவன 241. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தையும் அவ்வட்டு கொள்ளாது. ஆயினும் அந்நாளில் அஃது ஒரு பெருங்களஞ்சியமாகவே கருதப்பட்டது.

3. நிரலின் கையில் ஏடு

சி.பி.எம். அடைவில் ஒவ்வொரு பதிவும் 32 பைட் நீளமுடையது. 64 பதிவுகளுக்கு இடமுண்டு. பெயருக்கு 8 எழுத்து, வகையைச் சுட்டும் பின்பெயருக்கு 3 எழுத்து. பதிவின் பிற்பாதியாகிய 16 பைட்டில், அக்கோப்புக்குரிய தொகுதிகளின் எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தொகுதிகள் 243 மட்டுமே ஆதலின், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பைட் போதுமானதாயிற்று. 16 தொகுதி என்பது 16 கிலோபைட். கோப்பு அதனினும் வளர்ந்தால் அடைவில் மற்றுமொரு பதிவு எடுத்துக்கொள்ளும்.

இனித் திறக்கும் முறையைக் காண்போம். நிரல் தன் சொந்த நினைவகத்தில் 33 பைட் அளவுள்ள ஓரிடத்தை ஒதுக்கும். விரும்பிய பகுதியை நேரே சென்று படிக்க வேண்டுமாயின் மேலும் 3 சேர்த்து 36 பைட். இதற்குக் கோப்புக் கட்டுப்பாட்டுத் தொகுதி என்று பெயர், சுருக்கமாக எஃப்.சி.பி. என்பர். நிரல் அதில் கோப்பின் பெயரை எழுதி, 15 என்னும் பணியெண்ணுடன் முறைமையை அழைக்கும். முறைமை அடைவில் அப்பெயரைத் தேடிக் கண்டு, அங்குள்ள தொகுதி எண்களை அப்படியே இந்த எஃப்.சி.பி.யில் பெயர்த்தெழுதித் தரும். அதன்பின் படிப்பதும் எழுதுவதும் எல்லாம் இப்படியைப் பார்த்தே நடைபெறும். புதிதாக எழுதிய தொகுதிகளின் எண்களும் முதலில் இப்படியிலேயே குறிக்கப்படும். இறுதியில் 16 என்னும் பணியெண்ணால் மூடும்போதுதான் அவை வட்டின் அடைவுக்குத் திரும்பச் சென்று பதிவாகும்.

ஓர் உவமை கூறினால் விளங்கும். நம் சங்க நூலகத்தில் நூல் வழங்கும் பதிவேடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் வருகிறார். நூலகர் நூற்பட்டியலில் உரிய வரியைக் காட்டுகிறார். உறுப்பினர் அவ்வரியைத் தம் கைக்குறிப்பில் எழுதிக்கொண்டு செல்கிறார். நூலில் புதுத்தாள்கள் சேர்த்தால் அதனையும் தம் குறிப்பிலேயே எழுதுகிறார். திரும்பி வந்து காட்டினால் நூலகர் அதனைப் பட்டியலில் ஏற்றிக்கொள்வார். அவர் வாராமற் போனாலோ, குறிப்பைத் தொலைத்துவிட்டாலோ, நூலகருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பேர் எத்தனை நூல்களைக் கொண்டு சென்றுள்ளனர் என்பதும் அவருக்குத் தெரியாது.

இவ்வளவு பொறுப்பை நிரலின் கையில் ஒப்படைத்தது அறியாமையால் அன்று. 16 கிலோபைட் நினைவகமே கொண்ட இயந்திரத்திலும் இம்முறைமை இயங்க வேண்டியிருந்தது. திறந்துள்ள கோப்புகளுக்கென முறைமை தானே ஒரு பேரேடு வைத்திருந்தால், பயன்படாத வரிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். எஃப்.சி.பி. முறையிலோ, எத்தனை கோப்பு வேண்டுமோ அத்தனைக்கு மட்டும் நிரலே இடம் தரும். ஏழைக் குடும்பத்தில் விருந்தினர் தத்தம் தட்டைக் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு அது.

சிக்கனத்தின் வேறு அடையாளங்களும் உள. கோப்பின் நீளம் பைட் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. 128 பைட் கொண்ட ஏடுகள் எத்தனை என்ற எண்ணிக்கையே உண்டு. ஆதலின் கடிதம் எந்த எழுத்தில் முடிகிறது என்பதைக் காட்ட, உரையின் ஈற்றில் 26 என்னும் குறியெண்ணை நிரல்கள் இட்டு வைத்தன. அழித்த கோப்பின் பதிவையும் முறைமை துடைப்பதில்லை. அதன் முதற்பைட்டில் 229 என்னும் எண்ணை எழுதிவிடும், அவ்வளவே. புதிய வட்டுகளை ஆயத்தம் செய்யும்போது அவற்றின் கூறுகளெங்கும் நிரப்பப்பட்டிருந்ததும் இதே 229 தான். ஆகவே புது வட்டு தனியாக ஓர் அடைவு எழுதப்படாமலேயே வெற்றடைவாகக் காட்சியளித்தது.

4. வட்டு மாறினால்

பிறிதோர் இடரும் இருந்தது. எந்தத் தொகுதி காலி, எது நிரம்பியது என்னும் பட்டியலை சி.பி.எம். வட்டில் எழுதி வைக்கவில்லை. வட்டை முதன்முறை அணுகும்போது அடைவு முழுவதையும் படித்து, அப்பட்டியலை நினைவகத்தில் அமைத்துக்கொள்ளும். பயனர் இடையில் வட்டை எடுத்து வேறொன்றை வைத்துவிட்டால் என்னாகும்? பழைய வட்டின் பட்டியலை நம்பிப் புதிய வட்டில் எழுதினால், அங்குள்ள கோப்புகள் பாழாகும்.

இதனைத் தடுக்கக் கில்டால் எளிய காவல் ஒன்றை அமைத்தார். அடைவின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூட்டுத்தொகை கணக்கிட்டு வைக்கப்பட்டது. மீண்டும் அடைவைப் படிக்கும்போது அத்தொகை ஒவ்வாவிடின், 'இது வேறு வட்டு' என்று முறைமை உணர்ந்து, அதில் எழுத மறுத்து, படிக்க மட்டும் இசையும். எழுத முயன்றால் பிழைச் செய்தி ஒன்று திரையில் தோன்றி நிரல் நின்றுவிடும். வட்டை மாற்றியவுடன் 'கன்ட்ரோல்', 'சி' ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி, முறைமைக்கு அறிவிப்பதே பழகியவர்களின் வழக்கம். மறந்தவர்கள் அரைநாள் உழைப்பைப் பறிகொடுத்ததும் உண்டு.

5. சியாட்டில் நகரத்துப் பட்டியல்

அடுத்த காட்சி வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில். 'சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 8086 என்னும் புதிய செயலிக்கான மின்பலகையை விற்று வந்தது. அதற்குரிய சி.பி.எம். வெளிவரத் தாமதமாயிற்று. அங்குப் பணியாற்றிய டிம் பேட்டர்சன் என்னும் இளைஞர் 1980-இல் தாமே ஓர் இயக்க முறைமையை எழுதினார். அதுவே '86-டாஸ்' எனப் பெயர் பெற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முதலில் உரிமம் பெற்று, 1981 ஜூலையில் அதனை முழுமையாக வாங்கியது. 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். தன் தனிக்கணிப்பொறியை அறிவித்தபோது, அதனுடன் வெளிவந்த டாஸ் இதுவே.

பழைய 8080 நிரல்களைப் புதிய செயலிக்கு மாற்றி எழுதுவது எளிதாக இருக்க வேண்டும் என்பது பேட்டர்சனின் நோக்கம். ஆதலின் நிரல் முறைமையை அழைக்கும் விதத்தில் அவர் சி.பி.எம். வழக்கையே பெரும்பாலும் பின்பற்றினார். எஃப்.சி.பி. அப்படியே வந்தது. கோப்பைத் திறக்கும் பணியெண் 15, மூடும் பணியெண் 16 என்பவையும் மாறவில்லை. பெயருக்கு 8, பின்பெயருக்கு 3 என்ற வரம்பும், அழித்ததற்கு அடையாளமான 229-உம் தொடர்ந்தன.

ஆயினும் வட்டில் கணக்கெழுதும் முறையை அவர் மாற்றினார். மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு என்பார் 1977-இல் ஒரு 'பேசிக்' மொழிக்கென வகுத்த கோப்பு ஒதுக்கீட்டுப் பட்டியல், அதாவது 'ஃபேட்', பேட்டர்சனைக் கவர்ந்தது. இதில் அடைவுப் பதிவு கோப்பின் முதற்கூறு எது என்பதை மட்டும் சொல்லும். அடுத்தது எது என்பதை அப்பட்டியல் சொல்லும். முதற்கூறு 5 எனில், பட்டியலின் 5-ஆம் இடத்தில் 9 என்றிருந்தால் அடுத்தது 9. அவ்விடத்தில் 12 என்றிருந்தால் அதற்கடுத்தது 12. முடிவுக்குறி வரும்வரை இவ்வாறு தொடர வேண்டும். கதாகாலட்சேபத்தில் ஒரு கிளைக்கதை அடுத்த கிளைக்கதைக்கு அடியெடுத்துக் கொடுப்பது போன்றது இச்சங்கிலி. காலியிடமும் அப்பட்டியலிலேயே சுழியால் குறிக்கப்பட்டிருக்கும்.

ஐ.பி.எம். இயந்திரத்தின் முதல் வட்டு ஒருபக்க வட்டு. 40 தடம், தடத்திற்கு 8 கூறு, கூறுக்கு 512 பைட். ஆக 160 கிலோபைட். தொடக்கக் கூறு, பட்டியலின் 2 படிகள், அடைவு ஆகியவை போகக் கோப்புகளுக்கு 313 கூறுகள் எஞ்சின. பட்டியலின் ஒவ்வோர் எண்ணும் 12 இரும இலக்கம், அதாவது ஒன்றரை பைட். எனவே முழுப்பட்டியலும் ஒரே கூறில் அடங்கிற்று. பட்டியல் பழுதானால் கோப்புகள் யாவும் திசை தெரியாது போகும் ஆதலின், வட்டில் இரண்டு படிகள் வைக்கப்பட்டன. கோப்பின் நீளமும் இப்போது பைட் கணக்கில் துல்லியமாக அடைவில் ஏறியது, நாளும் குறிக்கப்பட்டது.

ஒன்று மட்டும் மாறவில்லை. திறந்த கோப்பின் கணக்கு இன்னமும் நிரலின் கையிலேயே இருந்தது. புதிதாக எழுதிய கோப்பின் நீளமும் முதற்கூறும் அடைவில் ஏறுவது மூடும்போதுதான். இதன் விளைவை என் வாழ்வில் நேரே கண்டேன்.

6. மூடாத கோப்பு

1986-ஆம் ஆண்டு அது. அலுவலகத்தில் இரண்டு பிளாப்பி இயக்கிகள் கொண்ட கணிப்பொறி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. எங்கள் சங்கப் பொருளாளர் பெரியவர், ஆண்டு விழா நன்கொடைக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றிப் பார்க்க ஆவல் கொண்டார். மேலதிகாரியின் இசைவு பெற்று, மாலை வேளைகளில் நான் அமர்ந்தேன். பேசிக் மொழியில் சிறு நிரல் ஒன்றும் எழுதியிருந்தேன். 180 குடும்பங்களின் பெயர், வீட்டெண், தொகை ஆகியவற்றை அடிக்கட்டைகளிலிருந்து அவர் படிக்கப் படிக்க, நான் விசைப்பலகையில் தட்டி வந்தேன். மறுநாள் பொதுக்குழுக் கூட்டம்.

கடைசிப் பதினைந்து வீடுகள் இருக்கையில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்ததும் வட்டின் அடைவைப் பார்த்தேன். கோப்பின் பெயர் இருந்தது. அதற்கு நேரே நீளம் என்னும் இடத்தில் சுழி. நான் என் நிரலில் கோப்பை ஒருமுறை திறந்து, எல்லாப் பெயரும் முடிந்தபின் ஒரேயடியாக மூடுமாறு எழுதியிருந்தேன். பிழை முழுதும் என்னுடையதே.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பெயர் இருக்கிறது, பொருள் இல்லை, இது என்ன கணக்கு, தம்பி?" என்றார். அவ்வொரு வினாவில் எஃப்.சி.பி. காலத்தின் குறை முழுவதும் அடங்கிவிட்டது என்று பின்னாளில் பலமுறை எண்ணியதுண்டு.

ஆயினும் பொருள் முற்றும் அழிந்துவிடவில்லை. எழுதப்பட்ட கூறுகள் வட்டிலேயே இருந்தன. ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவை நிரம்பியவை என்ற குறிப்போடு சங்கிலியாகவே நின்றன. எந்தப் பெயரும் அச்சங்கிலியைச் சுட்டவில்லை, அதுவே குறை. டாஸில் 'செக்டிஸ்க்' என்னும் கட்டளை இத்தகைய அநாதைச் சங்கிலிகளைத் தேடிக் கண்டு, வரிசையெண் இட்ட புதுக்கோப்பாக்கித் தரும். அதனை ஓட்டினோம். பெரும்பகுதி மீண்டது, நினைவகத்திலேயே தங்கிவிட்ட கடைசிச் சில வரிகள் மட்டும் போயின. அவற்றையும் எஞ்சிய வீடுகளையும் மீண்டும் தட்டி முடித்தபோது இரவு பதினொன்று. பேட்டர்சன் சங்கிலிப் பட்டியலைத் தேர்ந்திராவிடில் அவ்விரவு விடியும்வரை நீண்டிருக்கும். பட்டியல் வட்டில் இராத சி.பி.எம். முறையில், அடைவேறாத அக்கூறுகள் வெற்றிடமாகவே எண்ணப்பட்டிருக்கும். அன்று முதல் ஒவ்வொரு பத்துப் பெயருக்கும் கோப்பை மூடித் திறக்கும் வழக்கத்தை மேற்கொண்டேன்.

7. காலணிச் சீட்டு

எஃப்.சி.பி. முறைக்கு மாற்றாக வேறொரு முறை முன்னரே உலகில் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையில், திறந்த கோப்பின் கணக்கு முழுவதும் முறைமையிடமே இருக்கும். நிரலுக்கு அது தருவது ஒரு சிற்றெண் மட்டுமே. 'இதனைப் படி' என்று நிரல் கேட்க விரும்பினால் அவ்வெண்ணைக் காட்ட வேண்டும்.

கோயில் வாயிலில் காலணி காப்போரிடம் நாம் செருப்பைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்கிறோம். செருப்பு எந்த அடுக்கில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. சீட்டின் எண் போதும். அவர் இடத்தை மாற்றி வைத்தாலும் நமக்கு இழப்பில்லை. சீட்டைத் திருத்தி நாம் பிறர் செருப்பைப் பெறவும் இயலாது. எத்தனை சீட்டு வெளியே உள்ளது என்று அவரைக் கேட்டால் உடனே சொல்வார். யூனிக்ஸ் தந்த எண் இச்சீட்டைப் போன்றது. அதன் வழியில் வந்த எண்ணையே டாஸ் உலகில் 'ஹேண்டில்' என்று அழைத்தனர்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் யூனிக்ஸை உரிமம் பெற்று 'ஜெனிக்ஸ்' என்ற பெயரில் விற்றும் வந்ததால், அம்முறையை அது நன்கறிந்திருந்தது. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். தன் 'எக்ஸ்.டி.' இயந்திரத்தை 10 மெகாபைட் வன்வட்டுடன் வெளியிட்டது. 160 கிலோபைட் வட்டுகள் அறுபதுக்கு மேல் அதனுள் அடங்கும். அத்தனை கோப்புகளை ஒரே அடைவில் கொட்டி வைத்தல் இயலாது. ஆதலின் அதனுடன் வந்த டாஸ் 2.0-இல் அடைவுக்குள் அடைவு அமைக்கும் வசதி சேர்ந்தது. இங்குதான் எஃப்.சி.பி. தடுமாறிற்று. அதில் இயக்கியின் எண், 8 எழுத்துப் பெயர், 3 எழுத்துப் பின்பெயர் ஆகியவற்றிற்கு மட்டுமே இடமுண்டு. 'எந்தத் தெரு, எந்த வீடு, எந்த அறை' என்னும் நீண்ட முகவரியை அங்கே எழுத இயலாது.

எனவே டாஸ் 2.0 சீட்டு முறையைக் கொணர்ந்தது. நிரல் கோப்பின் முழு முகவரியைத் தந்து, 61 என்னும் புதுப்பணியெண்ணால் திறக்கும்படி வேண்டும். முறைமை ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதன்பின் படிக்க, எழுத, மூட எல்லாம் அவ்வெண்ணே போதும். ஒவ்வொரு நிரலுக்கும் 20 இடங்கள் கொண்ட சிறு அட்டவணை உண்டு. அதில் 0 முதல் 4 வரையுள்ள ஐந்து இடங்கள் விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி முதலியவற்றிற்கு முன்னரே ஒதுக்கப்பட்டவை. அச்சிறு அட்டவணையின் ஒவ்வோரிடமும் முறைமையின் பொதுப் பேரேட்டில் உரிய வரியைச் சுட்டும். படித்த தூரம், கோப்பின் நீளம், வட்டிலுள்ள இடம் ஆகிய கணக்குகள் எல்லாம் அப்பேரேட்டில் இருந்தன.

பேரேட்டுக்கு வரிகள் எத்தனை? யாரும் சொல்லாவிடில் 8 மட்டுமே. கணக்கு நிரல்கள் ஒரே வேளையில் பல கோப்புகளைத் திறப்பதால் அது போதவில்லை. ஆகவே தொடக்க அமைப்புக் கோப்பில் 'ஃபைல்ஸ் = 20' என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டியதாயிற்று. எண்பதுகளில் கணிப்பொறி அலுவலகங்களில் பணியாற்றிய அன்பர்கள் இவ்வரியை மறந்திருக்க மாட்டார்கள். பேரேட்டுக்கு இடம் ஒதுக்கும் செலவை, 1974-இல் கில்டால் தவிர்த்த அதே செலவை, இப்போது நாமே அளவிட்டு ஏற்றுக்கொண்டோம். நினைவகம் மலிந்துவிட்டதால் அது தாங்கக் கூடியதாயிற்று.

8. பழையன கழிதல்

புதியது வந்ததும் பழையது உடனே மறைந்துவிடவில்லை. எஃப்.சி.பி.யை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம்; அவற்றைக் கைவிட எவருக்கும் மனமில்லை. ஆகவே டாஸ் இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துக் காத்தது.

1984-இல் டாஸ் 3.0 வந்தது. பல கணிப்பொறிகளைக் கம்பியால் இணைத்து, ஒரே கோப்பைப் பலர் பகிரும் காலம் தொடங்கிற்று. அப்போது 'இக்கோப்பை இப்போது யார் திறந்து வைத்திருக்கிறார்?' என்னும் வினா இன்றியமையாததாயிற்று. சீட்டு முறையில் விடை பேரேட்டில் இருந்தது. எஃப்.சி.பி. முறையில், திறந்தவர் மூடாமலே சென்றுவிட்டிருக்கலாம்; படிக்க மட்டும் திறந்த நிரல்கள் பல மூடுவதையே பொருட்படுத்தியதில்லை. இதற்கென 'எஃப்.சி.பி.எஸ்.' என்னும் புதிய அமைப்பு வரி சேர்க்கப்பட்டது. எஃப்.சி.பி. வழியாக ஒரே வேளையில் திறந்திருக்கக் கூடியவை இத்தனை என்று அது வரம்பு கட்டிற்று, சொல்லாவிடில் 4. வரம்பு மீறினால், நெடுநேரம் தொடப்படாத கோப்பை முறைமை தானே மூடிவிடும். திருப்பித் தராத உறுப்பினரிடம் நூலகரே சென்று நூலை வாங்கி வந்துவிடும் ஏற்பாடு இது.

9. இன்று நம் இல்லங்களில்

கேரி கில்டால் 1994-இல் மறைந்தார். அவர் நிறுவனம் அதற்கு முன்பே, 1991-இல், நோவெல் நிறுவனத்தின் கைக்குச் சென்றிருந்தது. 2014-இல் பசிபிக் குரோவில் அவர் நிறுவனம் இயங்கிய கட்டடத்தருகே, சி.பி.எம். பிறந்ததைக் குறிக்கும் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் டாஸின் பழைய மூலநிரலையும் சி.பி.எம்.மின் மூலநிரலையும் மக்கள் படிக்குமாறு வெளியிட்டது. விரும்பும் மாணவர்கள் இன்று அவற்றை வரி வரியாகக் கற்கலாம்.

சீட்டு முறையே இறுதியில் நிலைத்தது. விண்டோஸிலும், 1991-இல் தோன்றிய லினக்ஸிலும், லினக்ஸின்மீது அமைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், ஒரு கோப்பைத் திறந்தால் நிரலுக்குக் கிடைப்பது சீட்டே. நிரல் தற்செயலாக இறந்துபட்டாலும், அது வாங்கிய சீட்டுகளைப் பேரேட்டில் பார்த்து முறைமையே கோப்புகளை மூடிவிடும். என் 1986-ஆம் ஆண்டுப் பிழையில் பாதியை இன்று முறைமை பொறுத்துக்கொள்ளும். மின்தடையை மட்டும் அதுவும் முழுதும் பொறுக்க இயலாது.

பழைய முறையின் சுவடுகளும் அழியவில்லை. நம் பிள்ளைகள் சட்டைப் பையில் கொண்டு திரியும் பென்டிரைவ் பலவற்றில் இன்றும் ஃபேட் பட்டியலே உள்ளது. அதன் அடைவுப் பதிவு இன்றும் 32 பைட். அழித்த கோப்பின் முதற்பைட்டில் இன்றும் 229 எழுதப்படுகிறது. 1974-இன் 8 அங்குல வட்டில் பிறந்த வழக்கம் விரல் நுனியளவு கருவியிலும் வாழ்கிறது.

எட்டெழுத்து வரம்பினால், அந்நாளில் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் நறுக்கித் திணித்தோம். 1995-இன் விண்டோஸ் நீண்ட பெயர்களுக்கு இடம் கொடுத்தது. பழைய 32 பைட் பதிவுகளையே அடுக்கி, ஒவ்வொன்றிலும் 13 குறியீடு வீதம் எழுதும் முறை அது. தமிழில் உயிர்மெய்யின் துணையெழுத்துக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. 'ஆண்டுவிழாமலர்' என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள்; சரியாக 13 வரும். வகையைக் காட்டும் பின்பெயர் சேர்ந்தால் அடுத்த பதிவு தொடங்கும்.

பென்டிரைவைப் பிடுங்குவதற்கு முன் 'பாதுகாப்பாக நீக்குக' என்னும் கட்டளையைக் கொடுக்குமாறு பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் சொல்கிறோம். அவர்களும் ஓயாமல் மறக்கிறார்கள். அதன் காரணத்தை இனி அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். எழுதியது நினைவகத்தில் நிற்கிறது. அடைவில் இன்னும் ஏறவில்லை. இடையில் பிடுங்கினால் பெயர் இருக்கும், பொருள் இராது. பொருளாளர் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் தம் கையெழுத்தில் எழுதி, ஒவ்வொரு மாலையும் கூட்டிக் கோடிட்டு மூடிய பேரேடுகள் சங்க அலமாரியில் இன்றும் உள்ளன. அவற்றைப் புரட்டும் இளைஞர்கள், திறந்ததை மூடும் பழக்கம் கணிப்பொறிக்கு முன்பே நம் பெரியோரிடம் குடிகொண்டிருந்ததைக் காண்பார்கள்.

ஆண்டு விழா சிறக்க, சங்கம் வாழ்க.